பூனை எல்லை மீறினால்: தொல்லையைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

பூனை வளர்க்கும் வீடுகளின் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சமையல் மேடையில் ஏறுகிறது, மெத்தையில் மூத்திரம் போகிறது, நாலு மணிக்கு எழுப்புகிறது, சோபாவைக் கிழிக்கிறது. கீழே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, முதலில் எதைச் சோதிப்பது, அப்புறம் எதை மாற்றுவது என்று எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுத் தொல்லை எதுவோ அங்கே நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில்: சேட்டையா, நோயா?

நேற்றுவரை ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று மாறினால், சந்தேகம் முதலில் உடம்பின் மேல்தான் வர வேண்டும். பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது. ஒளிந்துகொள்ளும், தொட்டால் சீறும், இல்லையென்றால் போகக் கூடாத இடத்தில் மூத்திரம் போகும். நாம் அதைத் திமிர் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளவே கூடாதது, கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொள்வது. திரும்பத் திரும்பப் போய் உட்காரும், முக்கும். ஒரு சொட்டு வரும், அல்லது எதுவுமே வராது. அடிக்கடி பின்பக்கத்தை நக்கும், சில பூனைகள் கத்தும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் உண்டு. கடுவனின் மூத்திரக் குழாய் மிகக் குறுகல். படிகமோ சளியோ போய் அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். ராத்திரி என்றாலும் கிளம்பத்தான் வேண்டும். உங்கள் ஊரில் இரவு நேரத்தில் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்று பூனை நன்றாக இருக்கும்போதே விசாரித்து, நம்பரை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலும் மருத்துவர்தான். காய்ச்சல் போலிருக்கிறது என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதைச் செரிக்கும் வழி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. பாதி மாத்திரையே கொல்லக்கூடியது.

டிரேயை விட்டு வெளியே போகிறது

நோய் இல்லை என்று ஆகிவிட்டதா? அப்படியானால் குற்றம் பெரும்பாலும் பூனைக்குக் கழிப்பறையாக வைக்கும் மணல் டிரேயிலேயே இருக்கும். அது இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள்.

நம் வீடுகளில் மணல் டிரேயை வைக்க எல்லோருக்கும் தோன்றும் இடம் பாத்ரூம். நம் பாத்ரூம் தரை எப்போதும் நனைந்தே கிடக்கும். கால் நனைவது பெரும்பாலான பூனைகளுக்கு ஆகாது. போதாததற்கு யாராவது குளிக்கப் போனால் கதவு சாத்திவிடும். பூனை கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மடித்து வைக்காத போர்வையாகப் பார்த்து முடிவு செய்துவிடும். சர்வீஸ் ஏரியாவில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தால் வேறொரு சிக்கல்: பூனை உட்கார்ந்திருக்கும்போது மெஷின் ஒருமுறை சுழன்று அதிர்ந்தால் போதும், அந்த இடம் அதன் கணக்கில் ஆபத்தான இடம். மேற்குப் பார்த்த பால்கனி சித்திரை, வைகாசியில் மத்தியானம் காலை வைக்க முடியாமல் கொதிக்கும். பேசாமல் ஹாலின் ஒரு மூலை, படுக்கையறைச் சுவர் ஓரம் என்று உலர்ந்த, ஆள் நடமாட்டம் குறைந்த, எந்நேரமும் போகக்கூடிய இடத்தில் வையுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

இடம் சரியென்றால் டிரேயின் அளவு. கடையில் விற்பவை பெரும்பாலும் குட்டிக்குத்தான் சரி. வளர்ந்த பூனை உள்ளே நின்று ஒரு சுற்றுத் திரும்ப முடிய வேண்டும். நீளம் பூனையின் உடம்பைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். பாத்திரக் கடையில் கிடைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப் இதற்கு அருமை. விலையும் குறைவு. எண்ணிக்கையில் வழக்கமான கணக்கு, பூனைகளை விட ஒரு டிரே கூடுதல். சின்ன பிளாட்டில் இது கஷ்டம்தான். ஆனால் இரண்டு பூனைக்கு ஒரே டிரே வைத்துவிட்டு ஒரு பூனை வெளியே போகிறதே என்று கேட்பதில் நியாயம் இல்லை.

வாசனை போட்ட மணல் நமக்காகச் செய்தது. பூனைக்கு வாசனை இல்லாததே பிடிக்கும். மணலின் பிராண்டை மாற்றுவதாக இருந்தால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். கட்டிகளைத் தினமும் அள்ளிவிட வேண்டும். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அந்த வேலை வேறொருவருடையது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் பூனை மலத்தில் வந்தால், அவை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் தினமும் அள்ளும் வீட்டில் ஆபத்து மிகக் குறைவு. பிள்ளை உண்டானதும் பூனையை வெளியே விட்டுவிடு என்று சொல்லும் உறவினர்களுக்கு இந்த ஒரு பதில் போதும்.

அசிங்கம் ஆன இடத்தைச் சுத்தம் செய்வதிலும் ஒரு கவனம் வேண்டும். நம் கை தன்னால் பினாயிலுக்குப் போகும். பினாயில் பூனைக்கு விஷம். துடைத்த தரையில் நடந்துவிட்டு அது காலை நக்கும்போது நேராக வயிற்றுக்குள் போகிறது. அமோனியா உள்ள கிளீனர்களின் வாடை மூத்திர வாடையைப் போலவே இருப்பதால், இங்கேதான் போக வேண்டும் என்று பூனையைத் திரும்ப அழைக்கும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றி ஊறவிட்டு, தானாகக் காயவிடுங்கள். கறை தெரியவில்லை, வாடை மட்டும் அடிக்கிறது என்றால் விளக்கை அணைத்துவிட்டு ரூபாய் நோட்டுச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். மூத்திரம் பட்ட இடம் மங்கலாக ஒளிரும்.

துளசித் தொட்டி தனிக் கதை. கிளறிவிட்ட ஈரப்பதமில்லாத மண் பூனைக்குக் கண்ணெதிரே வைத்த கழிப்பறை. திட்டிப் பயன் இல்லை. தொட்டி மண்ணின் மேல் கொட்டாங்குச்சித் துண்டுகளையோ கூழாங்கற்களையோ நெருக்கமாகப் பரப்பினால் தோண்ட முடியாமல் விட்டுவிடும். தண்ணீர் ஊற்றவும் தடையில்லை.

சுவரில், பீரோவில் பீய்ச்சுகிறது

உட்கார்ந்து போவது வேறு, நின்றபடி வாலைத் தூக்கி நடுங்கவிட்டு, செங்குத்தான பரப்பில் பீய்ச்சுவது வேறு. இரண்டாவது கழிப்பறைப் பிரச்சினையே அல்ல, எல்லை குறிப்பது. கருத்தடை செய்யாத கடுவனென்றால் முதல் வைத்தியம் கருத்தடைதான். பெரும்பாலான கடுவன்களுக்கு அதோடு நின்றுவிடும், சிலவற்றுக்குச் சில வாரம் பிடிக்கும். ஏற்கெனவே செய்தாகிவிட்டது, ஆனாலும் பீய்ச்சுகிறது என்றால் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். மதில் மேல் தினமும் தெருப்பூனை ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். ஜன்னலின் கீழ்ப்பாதிக்குக் காகிதமோ ஸ்டிக்கரோ ஒட்டி, அது கண்ணில் படாமல் செய்தாலே பாதிப் பதற்றம் குறையும்.

சமையல் மேடையில் ஏறுகிறது

இதில்தான் வீட்டில் அதிகச் சண்டை. பூனையோடு அல்ல, ஆட்களோடு.

மேடையில் ஏறப் பூனைக்குக் காரணம் ஒன்றல்ல. உயரம் வேண்டும், ஜன்னல் வழியே அணில் தெரிய வேண்டும், அடுப்புக்குப் பக்கத்துக் கல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அங்கே என்றாவது ஒருநாள் ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். இந்தக் கடைசிக் காரணத்தை முதலில் ஒழிக்க வேண்டும். மீனோ கறியோ மூடாமல் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. பால் பாத்திரத்துக்குக் கனமான மூடி. இட்லி மாவுப் பாத்திரத்தின் தட்டை மூக்கால் நெம்பி நகர்த்தத் தெரிந்த பூனைகள் உண்டு. அதன் மேல் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி வைக்கும் வீட்டையும் பார்த்திருக்கிறேன். ராத்திரி பாத்திரம் கழுவாமல் சிங்கில் போட்டுவிட்டுப் படுப்பது, ஏறு என்று சொல்லிவிட்டுப் போவதற்குச் சமம்.

அடுத்தது ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்கிறார்கள். அரிவாள்மனைக்கு முன்னால் பூனை உட்கார்ந்திருக்கிறது.

"அம்மா, அதுக்குப் போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"பாவம்டா, வாயையே பாத்துக்கிட்டு இருக்கு. ஒரே ஒரு தலை."

அந்த ஒரு தலை போதும். எப்போதும் கிடைத்தால்கூடப் பூனைக்கு அலுக்கும். எப்போதாவது கிடைப்பதுதான் அதை விடாமல் முயல வைக்கும். கொடுக்காதே என்று அம்மாவிடம் சொல்வதைவிட, எங்கே கொடுப்பது என்று மாற்றிவிடுவது நடக்கிற காரியம். மீன் துண்டை வேகவைத்து, முள் எடுத்து, வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் படாமல், பூனையின் சொந்தத் தட்டில் சமையலறைக்கு வெளியே வைக்கட்டும். கொடுத்த திருப்தி அம்மாவுக்கு, மேடையில் எதுவும் கிடைக்காது என்ற பாடம் பூனைக்கு. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. குழம்பில் வெந்திருந்தாலும் விஷம் விஷம்தான்.

மூன்றாவது, மாற்று இடம். மேடை கூடாது என்றால் வேறு எங்கே என்று காட்ட வேண்டும். சமையலறை வாசலில் மேடை உயரத்துக்கு ஒரு பழைய ஸ்டூலை வைத்து, மேலே சாக்கை மடித்துப் போடுங்கள். நீங்கள் சமைக்கும்போது அதன் மேல் தட்டிக் கூப்பிட்டு, ஏறியதும் நகக்கண் அளவு வேகவைத்த கோழி கொடுங்கள். மேடையில் ஏறினால் பேசாமல், கோபப்படாமல், தூக்கி ஸ்டூலில் விடுங்கள். திட்டுவதும் பூனைக்கு ஒரு கவனிப்புதான்.

தண்ணீர் ஸ்பிரே அடிக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பூனை அதிலிருந்து கற்றுக்கொள்வது, இவர் இருக்கும்போது ஏறக் கூடாது என்பது மட்டுமே. நீங்கள் ஆபீஸ் போனதும் மேடை அதனுடையது. அடித்தாலும் இதே கதி, கூடவே உங்களைக் கண்டால் ஓடவும் ஆரம்பிக்கும். நீங்கள் இல்லாத நேரத்திலும் வேலை செய்ய வேண்டுமென்றால் மேடை விளிம்பில் சில வாரம் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டி வைக்கலாம். பாதத்தில் பிசுபிசுப்பது அதற்குப் பிடிக்காது.

இது வெறும் சுத்தப் பிரச்சினை அல்ல. தொட்டால் இயங்கும் மின் அடுப்புகளைப் பூனை மிதித்தே போட்டுவிடும். தென்கொரியாவின் சியோலில் 2019 தொடங்கி மூன்றாண்டுக்குள் நூறுக்கு மேற்பட்ட தீவிபத்துகள் இப்படிப் பூனையால் ஆனவை என்று அந்நகரத் தீயணைப்புத் துறையே எச்சரித்தது. இண்டக்‌ஷன் அடுப்பைச் சுவரில் ஸ்விட்சை அணைத்துவிட்டே வெளியே போங்கள். கேஸ் அடுப்பென்றால் ரெகுலேட்டர்.

சைவ வீடுகளில் வேறொரு கேள்வி வரும். எங்கள் பூனை தயிர் சாதம்தான் சாப்பிடும், பிறகு ஏன் பக்கத்து வீட்டு மேடைக்குப் போகிறது? அந்தக் காலத்துப் பூனை தயிர் சாதம் தின்றுவிட்டு மிச்சத்தை எலியில் சரிக்கட்டிக்கொண்டது. பிளாட்டுக்குள் அடைபட்ட பூனைக்கு எலி ஏது? டாரின் என்ற சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது. அது இல்லாமல் போனால் பூனைக்குக் கண் கெடும், இதயமும் தளரும். இதயத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1987-இல் தெரிய வந்த பிறகுதான் கடைத் தீவனங்களில் டாரினைக் கூட்டினார்கள். மீனும் கறியும் நுழையக் கூடாத வீடென்றால் பூனைக்கான உலர் தீவனத்தைச் சர்வீஸ் ஏரியாவில் தனித் தட்டு, தனிக் கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். சமையலறைக்குள் எதுவும் வராது, பூனையும் பட்டினி கிடக்காது. பாயசத்தை நக்குகிறதே, அதற்கு இனிப்புப் பிடிக்குமோ என்றால், இல்லை. இனிப்பை உணரும் ஏற்பி பூனைக்குக் கிடையாது. அது தேடுவது பாலின் கொழுப்பை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் வயிற்றைக் கலக்கும்.

விடியுமுன் எழுப்புகிறது

பூனை வைகறையிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகும் பிராணி. அதை மாற்ற முடியாது. ஆனால் உங்கள் முகத்தில் காலை வைத்து எழுப்பும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது நாம். எழுந்தவுடன் முதல் வேலையாகத் தீவனம் போட்டால், நாம் எழுவதும் சோறும் அதற்கு ஒன்றாகிவிடும். எழுந்து, பல் துலக்கி, காபி குடித்து முடித்த பிறகு போடுங்கள். இரவு படுக்கும் முன் குச்சியில் கட்டிய துணியைக் காட்டி நன்றாக ஓடவிட்டு, அதன்பின் வயிறாரப் போடுங்கள். வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிக்கொள்வது, தூக்கம் என்பதே அதன் இயல்பான வரிசை.

கத்தினால் எழுந்திருக்காதீர்கள், திட்டவும் வேண்டாம். முதல் சில நாள் இன்னும் அதிகமாகக் கத்தும், கதவைப் பிறாண்டும். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். அப்போது எழுந்துவிட்டால், இவ்வளவு நேரம் கத்தினால் போதும் என்று பூனைக்குக் கணக்குத் தெரிந்துவிடும்.

கருத்தடை செய்யாத பெட்டை தரையில் புரண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கத்தினால் அது பருவம். நம் வெப்ப நாட்டில் ஆண்டு முழுக்க வரும், நாலு மாதக் குட்டிக்கே வரலாம். பத்து வயது தாண்டிய பூனை புதிதாக இரவில் ஓலமிட்டால் தைராய்டு, ரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சோபா, பாய், பட்டு

பிறாண்டுவதை நிறுத்த முடியாது. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், முதுகை நீட்டவும், தன் வாடையைப் பதிக்கவும் அது வேண்டும். எங்கே பிறாண்டுவது என்பதை மட்டும் மாற்றலாம். கடையில் விற்கும் பிறாண்டும் கம்பங்கள் பெரும்பாலும் குட்டையாக இருக்கும், தள்ளினால் ஆடும். ஆடுவதைப் பூனை இரண்டாம் முறை தொடாது. சவுக்குக் கட்டை ஒன்றை, பூனை பின்னங்காலில் நின்று முழுக்க நீண்டாலும் எட்டாத உயரத்துக்கு, கனமான பலகையில் ஆணியடித்து நிறுத்துங்கள். கீழிருந்து மேலாகத் தேங்காய் நார்க் கயிற்றை இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றி, இரண்டு முனையிலும் மட்டும் ஆணி. அதைச் சோபாவின் கிழிந்த கைக்கு நேர் எதிரே வையுங்கள், மூலையில் ஒளித்து வைக்காதீர்கள். பழகிய பிறகு மெல்ல நகர்த்தலாம். சிலது நின்று பிறாண்டாது, படுத்துத்தான் பிறாண்டும். அதற்கு வாசலில் போடும் நார் மிதியடி போதும்.

பட்டுப் புடவைக்கு வழி ஒன்றுதான். பீரோவைச் சாத்துங்கள். துணியோடு அந்துருண்டை போடும் வீடென்றால் கூடுதல் கவனம், அதுவும் பூனைக்கு விஷம்.

பூஜை அறை

தரையில் எரியும் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பூனை வாலை ஆட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. விளக்கு எரியும்வரை ஒருவர் அங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் அறைக்குக் கதவு வேண்டும். கற்பூரத்தை டப்பாவில் மூடி வையுங்கள்.

ஆனால் பூஜை அறையில் நான் அதிகம் பயப்படுவது பூ கட்டும் நூலுக்கு. வாடிய மல்லிகைச் சரத்தை எடுத்துக் குப்பையில் போடுகிறோம். பூனைக்கு அது ஆடும் வால். அதன் நாக்கில் உள்முகமாக வளைந்த முட்கள் இருப்பதால் வாய்க்குள் போன நூலைத் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் தெரியும். நூலின் ஒரு முனை நாக்கடியில் மாட்டி, மறுமுனை குடலில் இறங்கினால் குடல் சுருக்குப் போட்ட பாவாடை நாடாவைப் போல மடிந்து கிழியும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்கவே கூடாது. அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாடிய சரங்களைப் போட மூடியுள்ள டப்பா ஒன்று பூஜை அறையிலேயே இருக்கட்டும். ஜாடியில் வைக்கும் லில்லிப் பூவை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் பழுதாகும். சம்பங்கிக்கு அந்தப் பயம் இல்லை.

கடிக்கிறது

குட்டியாக இருந்தபோது கையை ஆட்டி விளையாட்டுக் காட்டியிருப்பீர்கள். வளர்ந்த பிறகும் கை அதற்கு இரைதான். விளையாட்டு இனிக் குச்சியோடு மட்டும். தடவிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கடிக்கிறது என்பார்கள். திடீரென்று ஒன்றும் இல்லை. வால் நுனி துடிக்கும், காது பக்கவாட்டில் மடங்கும், முதுகுத் தோல் சிலிர்க்கும். அப்போதே கையை எடுத்துவிடுங்கள்.

வெளியே போய்வரும் பூனையோ, தடுப்பூசி போடாத பூனையோ கடித்து ரத்தம் வந்தால் மஞ்சள் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் நாயால் மட்டும் வருவதில்லை.

குழந்தையின் தூளியில் படுக்கிறது

புடவைத் தூளியை விடப் பூனைக்குப் பிடித்த படுக்கை உலகத்தில் இல்லை. குழந்தை வந்த பிறகு விரட்டினால் அதற்கு எதுவும் புரியாது. பிரசவத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே அந்த அறைக் கதவைச் சாத்தப் பழக்குங்கள், பகலிலும்தான். அதற்கென்று பால்கனிப் பக்கம் பழைய புடவையில் இன்னொரு தூளி தாழ்வாகக் கட்டிக்கொடுத்தால் பெரும்பாலும் அங்கே குடிபோய்விடும். குழந்தையையும் பூனையையும் பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் விடுவது மட்டும் கூடவே கூடாது.

கதவு திறந்தால் ஓடுகிறது

வாசலில் நின்று பூனையைக் கொஞ்சிவிட்டுப் போவதும், வந்ததும் அங்கேயே தூக்குவதும் வாசலை அதற்குச் சுவாரசியமான இடமாக்கும். விடைபெறுவது, வரவேற்பது எல்லாம் வாசலிலிருந்து தள்ளி, ஹாலின் மறுகோடியில் ஓர் இடத்தில் நடக்கட்டும். மரக்கதவுக்கு வெளியே கிரில் கேட் இருந்தால் அதில் கொசுவலைக் கம்பியை அடித்துவிடலாம். பால்கனிக்குப் போடும் புறா வலை நைலான் என்றால் கடித்து ஓட்டை போடும். கம்பி வலையே நிற்கும்.

ஓடிவிட்டதா? வீட்டுப் பூனை முதலில் தூரம் போகாது. பயந்துபோய்ப் பக்கத்திலேயே, கார் அடியில், மாடிப்படிக்குக் கீழே, ஜெனரேட்டருக்குப் பின்னால் பதுங்கியிருக்கும், கூப்பிட்டால் குரலும் கொடுக்காது. தெரு அடங்கியதும் இரவு பதினொன்றுக்கு மேல் டார்ச்சோடு இறங்கி, தரையோடு தரையாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கண் பளிச்சென்று மின்னும். துரத்தாமல், சற்றுத் தள்ளிக் குந்தி உட்கார்ந்து, தீவன டப்பாவைக் குலுக்குங்கள். மறுநாள் காலை வாட்ச்மேனிடமும் பால் போடுபவரிடமும் போட்டோவைக் காட்டிவிடுங்கள்.